தாத்தா வீடு யார் காசில் வந்தது? ஒரே குடும்பம், மூன்று கதை

அயனாவரம்_பேரன் | சனி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். குடும்ப விஷயம், கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா இருந்திருந்தால் இந்த வருஷம் நூறு வயது. அதையொட்டி சொந்தபந்தம் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சாப்பாடு, வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் என்று முடிவாகியிருக்கிறது. எழுதும் வேலை என் தலையில். திருத்தணிப் பக்கத்திலிருந்து மெட்ராஸ் வந்தது, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) தொடங்கிய கொஞ்ச நாளில் வெல்டராகச் சேர்ந்தது, சைக்கிளில் மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மெரினா போனது எல்லாம் எழுதியாகிவிட்டது. வீட்டுக் கதையில் வந்து மாட்டிக்கொண்டேன்.

அயனாவரத்தில் இப்போதும் நாங்கள் இருக்கும் வீடு. அதை எந்தக் காசில் வாங்கினார் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

பெரியப்பா (78): "நான் அப்ரண்டிஸா சேர்ந்த புதுசு. சம்பளக் கவரைப் பிரிக்காம அப்பா கையில கொடுப்பேன். அந்தக் காசுதான் இந்த வீடு. எனக்குன்னு ஒரு பேண்ட் தச்சுக்கல."

அத்தை (75): "எனக்குன்னு அம்மா எடுத்து வச்சிருந்த எட்டு சவரன் போச்சு. அட்டிகை, வளையல் எல்லாம். அதனாலதான் என் கல்யாணம் தள்ளிப் போச்சு. இப்ப வந்து சம்பளக் கவராம்."

என் அப்பா (67): "ரெண்டு பேரும் சும்மா சொல்றாங்க. அப்பாவுக்கு லாட்டரி விழுந்துச்சு. நோட்டுக்கட்டை அம்மா அரிசி டின்னுக்குள்ள வச்சதை நான் கண்ணால பார்த்தேன்."

மூவரும் தனித்தனியாகச் சத்தியம் செய்கிறார்கள். நகையைப் பற்றிப் புத்தகத்தில் வராவிட்டால் விசேஷத்துக்கு வரமாட்டேன் என்கிறார் அத்தை. வந்தால் தான் வரமாட்டேன் என்கிறார் பெரியப்பா. அப்பா லாட்டரியை விடமாட்டேன் என்கிறார். என்ன எழுதுவது?

தெற்குமாட_வீதி | சனி, இரவு 9:30

"1960களில் சொந்த வீடு வாங்கினார்." நாலு வார்த்தை. அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.

அயனாவரம்_பேரன் | சனி, இரவு 9:34

அதைத்தான் முதலில் எழுதினேன் சார். "யார் காசுன்னு போடாம விட்டா அவன் காசுன்னு ஆயிடும்" என்று அத்தை கண்டுபிடித்துவிட்டார்.

பல்லவன்_29சி | சனி, இரவு 9:51

கிரயப் பத்திரம் எங்கே? முதலில் எந்த வருஷம் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பத்திரம் கையில் இல்லை என்றால் வில்லங்கச் சான்றிதழ் போடுங்கள். 1975-க்குப் பிறகு என்றால் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தையது அங்கே கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும்.

அயனாவரம்_பேரன் | சனி, இரவு 10:20

பத்திரம் பெரியப்பாவின் பீரோவில் இருக்கிறது. போன் போட்டேன். "1966, மூவாயிரத்து இருநூறு ரூபாய்" என்று படித்துவிட்டு வைத்துவிட்டார்.

பல்லவன்_29சி | சனி, இரவு 10:32

அப்படியென்றால் உங்கள் அப்பாவின் கதை அடிபட்டுப் போகிறது. தமிழ்நாடு அரசுப் பரிசுச் சீட்டை அண்ணா தொடங்கியது 1968-ல். "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று விளம்பரம் செய்தார்களே, அது. மாநில அரசு லாட்டரி என்று நாட்டிலேயே முதலில் வந்தது கேரளாவில், அதுவும் 1967-ல்தான். 1966-ல் வாங்கிய வீட்டுக்கு எந்த லாட்டரி விழுந்தது?

காசிமேட்டுக்காரி | சனி, இரவு 10:40

லாட்டரி இல்லை என்றால் கிண்டி ரேஸாக இருக்கும். 😄 எங்கள் தாத்தா ரேஸில் ஜெயித்த காசையெல்லாம் வீட்டில் "சீட்டு எடுத்தேன்" என்றுதான் சொல்வாராம். குழந்தைகளிடம் குதிரைக் கணக்கை யார் சொல்வார்கள்?

அயனாவரம்_பேரன் | சனி, இரவு 10:44

மேடம், எங்கள் தாத்தா டீக்கடையில் காசு வைத்து சீட்டாடுகிறவர்களைக்கூட ஏசுவார்.

காசிமேட்டுக்காரி | சனி, இரவு 10:46

ஏசுகிறவர்கள்தான் போவார்கள் தம்பி. குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தாத்தா மனசில் அந்தத் தீர்ப்பு முப்பது வருஷம் முன்னாடியே வந்திருக்கலாம்.

நிர்வாகி | சனி, இரவு 10:58

ரேஸ் பேச்சு போதும். அதற்குத் தனி இழை இருக்கிறது.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | ஞாயிறு, காலை 6:15

வரலாறு நடத்தியவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். அப்பாவின் கதையை அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போடாதீர்கள்.

என் அம்மா சாகும்வரை ஒரு கதை சொன்னார். "எம்டன் குண்டு போட்டப்ப என்னை இடுப்புல வச்சுக்கிட்டு மாட்டு வண்டியில காஞ்சிபுரம் போனாங்க." எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. அம்மா பிறந்தது 1938. கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். அவர் போனது 1942 ஏப்ரலில். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று அரசாங்க அலுவலகங்களையே வெளியூருக்கு மாற்றினார்கள். மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றதும் அப்போதுதான். எம்டன் கதை அம்மாவின் பாட்டி சொன்னது. வண்டியும் காஞ்சிபுரமும் இடுப்பும் நிஜம், குண்டு மட்டும் பாட்டியிடமிருந்து வந்தது.

இது நம் வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. இத்தாலியில் டெர்னி என்ற ஆலை நகரத்தில் 1949-ல் நேட்டோவை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் லூய்ஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பல வருஷம் கழித்து அலெஸ்ஸாண்ட்ரோ போர்டெல்லி என்ற ஆய்வாளர் போய்க் கேட்டால், ஊரில் பலர் அது 1953-ல் நடந்தது என்றார்கள். அந்த வருஷம் ஆலையில் ஆயிரக்கணக்கானோரை வேலையை விட்டு நீக்கியதால் பெரிய போராட்டம் நடந்தது. ஊர்க்காரர்களுக்கு அதுதான் பெரிய காயம். அந்தச் சாவை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். போர்டெல்லி அதைத் தப்பு என்று கோடிட்டு அடித்துவிட்டுப் போகவில்லை. ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேட்டார்.

உங்கள் வீட்டில் பிற்பாடு ஏதாவது கட்டினார்களா என்று விசாரியுங்கள். அரிசி டின்னுக்குள் இருந்த காசு வேறு எதற்காவது வந்திருக்கலாம்.

அயனாவரம்_பேரன் | ஞாயிறு, காலை 8:02

வாத்தியார் ஐயா, மாடி 1971-ல் கட்டியது! அப்பாவுக்கு அப்போது பதிமூன்று. கேட்டால், "மாடியா? அதெல்லாம் சாதாரண காசு" என்கிறார். லாட்டரியை மாடிக்கு மாற்ற அவருக்கு மனசில்லை.

ஜாபர்கான்பேட்டை_செல்வி | ஞாயிறு, காலை 9:40

1966-ஐ விடுங்கள். எங்கள் வீட்டில் 2015 வெள்ளத்துக்கே இந்த நிலைமை.

டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கம் ஏரியில் நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட அதே ராத்திரி. அடையாற்றங்கரையிலிருந்து நாலாவது தெரு எங்களுடையது. கீழ் வீட்டில் பாட்டி, நடக்க முடியாதவர். பாட்டியைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனது யார் என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் இன்றுவரை வழக்கு. இரண்டு பேரும் சொல்வது அச்சு அசல் ஒன்று. இடுப்பளவு தண்ணீர், பாட்டி கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டது, பாதிப் படியில் "என் வெத்தலைப் பொட்டி!" என்று கத்தியது, திரும்பிப் போய் அதை எடுத்து வந்தது. ஆள் மட்டும்தான் வேறு. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட தம்பி இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான்.

போன வருஷம் என் பழைய போனை நோண்டியபோது ஒரு வீடியோ கிடைத்தது. பதினோரு செகண்ட்தான், டார்ச் வெளிச்சத்தில். பாட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவது எதிரே கட்டிக்கொண்டிருந்த அபார்ட்மென்ட்டின் வாட்ச்மேன். மடித்துக் கட்டிய கைலி, தலையில் பாலிதீன் கவர். டார்ச் அடிப்பது அண்ணன். தம்பி பின்னால் ரேஷன் கார்டு, பத்திரம் இருந்த பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வருகிறான். வெற்றிலைப் பெட்டி பாட்டியின் மடியிலேயே இருக்கிறது.

இரண்டு பேரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். அண்ணன் சொன்னது: "இது ரெண்டாவது தடவை தூக்கினப்ப எடுத்தது." இரண்டாவது தடவை எதற்குத் தூக்குகிறார்கள்? பாட்டி நடுவில் இறங்கி வாக்கிங் போனாரா?

அந்த வாட்ச்மேன் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. ஒடிசாக்காரர் என்று அம்மா சொல்கிறார். பீகார் என்று அப்பா.

உளவியல்_மாணவி | ஞாயிறு, காலை 11:05

செல்வி அக்கா, உங்கள் அண்ணன் செய்ததை ஆய்வுக்கூடத்திலேயே பார்த்திருக்கிறார்கள். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்ற இருவர் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டாய் என்று எழுதி வாங்கிவிட்டார்கள். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரைக் கூப்பிட்டு அதையே கேட்டார்கள். 11 பேர் சொன்னது முதலில் எழுதியதோடு எதிலுமே ஒத்துப்போகவில்லை. அதே சமயம் தாங்கள் சொல்வது சரி என்பதில் பலருக்கும் துளி சந்தேகமில்லை. அவர்கள் கைப்பட எழுதிய தாளையே எடுத்து முன்னால் வைத்தார்கள். அப்போதும் பழைய நினைவு திரும்பவில்லை. புதுக் கதைதான் நின்றது.

அண்ணன், தம்பி விவகாரத்துக்கும் ஆய்வு உண்டு. நியூசிலாந்தில் இரட்டையர்களிடம் கேட்டபோது, "இது எனக்கு நடந்தது" என்று இரண்டு பேருமே உரிமை கொண்டாடும் நினைவுகள் நிறைய கிடைத்தன. 2001-ல் வெளியானது. சின்ன வயதில் யாருக்கு அடிபட்டது, யார் பந்தயத்தில் ஜெயித்தது மாதிரி விஷயங்கள். ஒருத்தர் சொல்லக் கேட்டுக் கேட்டு மற்றவருக்கும் படமாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் அது கேட்ட படமா பார்த்த படமா என்று பிரிக்க முடிவதில்லை.

அதனால் பேரன் அண்ணா, யாரையும் பொய்யர் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

தெற்குமாட_வீதி | ஞாயிறு, மதியம் 1:20

ஆய்வெல்லாம் சரி. அதை வைத்துக்கொண்டு 75 வயதுப் பெண்மணியிடம் போய், "அத்தை, உங்கள் மூளை தானாகத் தயாரித்த கதை இது" என்று சொல்வீர்களா? இந்தத் தலைமுறைக்குக் கூகுளில் தேடுகிற மாதிரியே குடும்பத்தையும் தேட வேண்டும். அந்த நகைக் கதைதான் அவர் வாழ்க்கைக்கு ஒரு காரணம் சொல்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு என்ன தரப்போகிறீர்கள்? நான் என்றால் மூன்றையும் அப்படியே போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

காசிமேட்டுக்காரி | ஞாயிறு, மதியம் 1:31

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் பெரியப்பாவின் கதையும் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுதானே நிற்கிறது? சும்மா இருப்பது எப்போதும் வீட்டுப் பத்திரத்தைப் பீரோவில் வைத்திருக்கிறவருக்குத்தான் லாபம்.

அயனாவரம்_பேரன் | ஞாயிறு, இரவு 8:47

இன்று மதியம் பெரியப்பாவிடம் நேரிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மாதான் பீரோ சாவியைக் கொடுத்தார். மூன்று விஷயம்.

ஒன்று, பத்திரம் 1966 தான், 3,200 தான். ஆனால் வாங்கியவர் பெயர் தாத்தா இல்லை. பாட்டி. "இன்னாரின் மனைவி" என்று போட்டு பாட்டியின் பெயர், கீழே பாட்டியின் இடது கைப் பெருவிரல் ரேகை. போனில் பெரியப்பா வருஷத்தையும் தொகையையும் மட்டும் ஏன் படித்தார் என்று இப்போது புரிகிறது. கேட்டால், "அப்பா வாங்கினதுதான்டா, பேரு மட்டும் அம்மா பேரு" என்கிறார்.

இரண்டு, பத்திர உறைக்குள் மடித்து வைத்த ஒரு பழுப்புச் சீட்டு. அடகுக்கடைச் சீட்டு. பத்திரப்பதிவுக்கு இரண்டு வாரம் முந்தைய தேதி. அட்டிகை 1, வளையல் 4, எடை ஐந்தேகால் சவரன், கடன் ரூ. 260. அதிலும் பாட்டி பெயர்தான்.

மூன்று, பெரியப்பா வேலைக்குச் சேர்ந்த உத்தரவு. 1967 ஜூலை.

அத்தைக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. எட்டு ஐந்தேகால் ஆனதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சவுகார்பேட்டை_கணக்கர் | ஞாயிறு, இரவு 9:25

அடகுக்கடையில் பல வருஷம் கணக்கு எழுதியவன். சீட்டைப் பார்த்ததும் ஒன்று தோன்றுகிறது. நகையை மீட்டால் சீட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், பெரும்பாலும். சீட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்றால் நகை திரும்பி வரவில்லை என்று எடுத்துக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது. பின்பக்கம் வட்டி கட்டிய வரவு ஏதாவது எழுதியிருக்கிறதா? அடகில் மூழ்கியதா, வட்டி கட்டிக்கொண்டே இருந்தார்களா என்று அதில் தெரியும்.

எட்டு, ஐந்தேகால் விஷயத்தில் அத்தையைச் சந்தேகப்பட அவசரப்படாதீர்கள். ஒரே கடையில் எல்லா நகையையும் யாரும் வைக்கமாட்டார்கள். காதில் கழுத்தில் இருந்தது வேறு ஒரு சீட்டில் போயிருக்கலாம்.

ஆனால் ஒரு கணக்கு. 1966-ல் சவரன் எழுபது ரூபாய்க்குள்தான். எட்டு சவரனை முழுசாக விற்றாலும் ஐந்நூற்று அறுபதைத் தாண்டாது. வீடு 3,200.

அயனாவரம்_பேரன் | ஞாயிறு, இரவு 9:41

பின்பக்கம் பென்சிலில் நாலு வரி இருக்கிறது. தேதியும் சில்லறைத் தொகையும். கடைசி வரி 1967 செப்டம்பர். அப்புறம் காலி.

அப்படியென்றால் மீதி இரண்டாயிரத்து சொச்சம்?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | திங்கள், காலை 6:05

பி.எஃப். கடனாக இருக்கும் அப்பனே. இல்லையென்றால் சொசைட்டிக் கடன். தாத்தா ரயில்வே ஊழியர். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள். மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கும் அது நினைவில்லை பாருங்கள். பிடித்தம் என்பது வீட்டுக்கு வராத காசு, அதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அட்டிகை போனதைப் பார்க்கலாம். சம்பளக் கவரைக் கொடுத்தது கை உணர்ந்தது. நோட்டுக்கட்டு அரிசிக்குள் இருந்தது பெரிய அதிசயம். பத்து வருஷம் மாசம் இருபது ரூபாய் குறைந்ததை எந்தப் பிள்ளை கதையாகச் சொல்லும்?

பழைய சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் பிடித்தக் கட்டத்தைப் பாருங்கள்.

பல்லவன்_29சி | திங்கள், காலை 7:30

அதோடு ஒன்று. பெரியப்பா சேர்ந்தது 1967 ஜூலை. வட்டிக் கட்டு நின்றது செப்டம்பர். அவர் சம்பளக் கவர் வீட்டுக் கடனுக்குப் போயிருக்கும், அதுவும் நிஜம். ஆனால் அந்தக் கவரால் அட்டிகை மீளவில்லை. அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கோர்ட்_வராண்டா | திங்கள், காலை 10:15

வழக்கறிஞர் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். நீங்கள் எல்லோரும் யார் காசு என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குப் பத்திரத்தில் இருக்கும் பெயர்தான் கண்ணை உறுத்துகிறது.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு பெண் பெயரில் வாங்கிய சொத்துக்கு அந்தப் பெண்தான் முழு உரிமையாளர். அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால் கணவருக்கும் மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்ற பேச்சே அங்கு கிடையாது. பரம்பரைச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு கொடுத்த 1989 தமிழ்நாடு திருத்தம்தான், அதற்கு முன்பே கல்யாணமான மகள்களை விட்டுவிட்டது. மத்திய அரசு 2005-ல் திருத்தியபோது அந்த விலக்கு போய்விட்டது. பாட்டி பெயரில் இருந்த வீட்டுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை.

உங்கள் அத்தை ஏதாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா?

அயனாவரம்_பேரன் | திங்கள், காலை 10:52

1992-ல் விடுதலைப் பத்திரம், அதாவது பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. தாத்தா காலமான மறுவருஷம். "1989 சட்டம் உனக்குப் பொருந்தாதும்மா, அதுக்கு முன்னாடியே உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, சும்மா ஒரு கையெழுத்து" என்று சொன்னார்களாம். அத்தைக்குக் கல்யாணம் 1973-ல். இதை அத்தை சொல்லி நானே பலமுறை கேட்டிருக்கிறேன், இன்றுதான் உறைக்கிறது. தாத்தா வீடு என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே அது தாத்தா வீடு ஆகிவிட்டது.

கோர்ட்_வராண்டா | திங்கள், காலை 11:10

பதிவான விடுதலைப் பத்திரத்தை முப்பது வருஷம் கழித்துத் தட்டி எழுப்புவது லேசான காரியமில்லை. காலவரையறை இருக்கிறது. அத்தை விரும்பினால் ஒரு வழக்கறிஞரிடம் எல்லாக் காகிதத்தையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். இங்கே வைத்து முடிவு கட்டவேண்டாம். நீங்களும் இனி பத்திர விவரங்களைப் பொதுவில் போடாதீர்கள்.

அயனாவரம்_பேரன் | திங்கள், காலை 11:14

சரி சார். நான் ஒரு புத்தகம் போடத்தான் கேட்டேன்.

காசிமேட்டுக்காரி | திங்கள், மதியம் 12:30

நேற்றிலிருந்து ஒன்று கேட்க நினைக்கிறேன். நகை பாட்டியுடையது. அடகு வைத்தது பாட்டி. பத்திரத்தில் ரேகை பாட்டியுடையது. அரிசி டின் பாட்டியுடையது. மூன்று கதையிலும் பாட்டி எங்கே? "எனக்குன்னு வச்சிருந்த நகை" என்கிறார் அத்தை. வைத்திருந்தவர் யார்? செல்வி சொன்ன வாட்ச்மேன் ஞாபகம்தான் வருகிறது.

தெற்குமாட_வீதி | திங்கள், மதியம் 12:48

அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பாட்டிகள் பெருமை பேசமாட்டார்கள்.

காசிமேட்டுக்காரி | திங்கள், மதியம் 12:50

பேசினால் கேட்க ஆள் இருந்ததா என்று முதலில் சொல்லுங்கள்.

ஜாபர்கான்பேட்டை_செல்வி | திங்கள், மதியம் 2:05

சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். தாத்தாவுக்கு நூறு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேருக்கும் பிறந்தநாள் ஜூன் மாதம்தான். எல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் வாயில் வந்த தேதி.

அயனாவரம்_பேரன் | திங்கள், மதியம் 2:11

மேடம், தயவுசெய்து. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

அயனாவரம்_பேரன் | வியாழன், இரவு 10:03

ஒரு வழியாக ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். பெரியப்பா, அத்தை, அப்பா மூவரும் அவரவர் கதையை அவரவர் பெயரில் எழுதித் தருவது. நான் ஒரு எழுத்துகூட மாற்றுவதில்லை. பத்திர வருஷம், பாட்டி பெயர், அடகுச் சீட்டின் படம் ஆகியவை தனியாக ஒரு பக்கம், எந்த விளக்கமும் இல்லாமல்.

அடகுச் சீட்டை அத்தையிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "வளையல் நாலுதான். ஆறுன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம், "மூணு சவரன் சங்கிலி வேற கடை. ஓட்டேரியில. அந்தச் சீட்டைத் தேடு" என்றார். எட்டிலிருந்து அவர் இறங்குவதாக இல்லை. வழக்கறிஞரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "முதல்ல புத்தகம் வரட்டும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் யாருக்கும் தைரியமாகக் கேட்க வரவில்லை.

அப்பா லாட்டரியை "வீட்டுக்கோ மாடிக்கோ" என்று எழுதச் சம்மதித்திருக்கிறார். பெரிய விட்டுக்கொடுத்தல்.

சிக்கல் என்னவென்றால் பெரியப்பா பதினோரு பக்கம் எழுதித் தந்துவிட்டார். அத்தை ஒன்றரை. திருவல்லிக்கேணி அச்சகத்தில் கேட்டால், நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும், உங்களுக்கு மூன்று பக்கம் இடிக்கிறது என்கிறார்கள். ஒன்று மூன்று பக்கத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும்.

பல்லவன்_29சி | வியாழன், இரவு 10:15

பெரியப்பாவில் மூன்றைக் குறையுங்கள்.

அயனாவரம்_பேரன் | வியாழன், இரவு 10:17

நீங்களே வந்து சொல்லுங்கள், முகவரி தருகிறேன்.

காசிமேட்டுக்காரி | வியாழன், இரவு 10:24

ஒரு பக்கம் சேர்த்து, பாட்டிக்குக் கொடுங்கள்.

அயனாவரம்_பேரன் | வெள்ளி, காலை 9:36

சேர்க்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். யார் எழுதுவது என்று கேட்டேன். மூத்தவன் நான்தான் என்று பெரியப்பா பேனாவை எடுத்துவிட்டார். அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எங்கம்மாவைப் பத்தி அவன் எழுதுறானா? அவனுக்கு என்னடா தெரியும், அவன் எப்பவும் தெருவுலதானே கெடந்தான்?"

அச்சுக்குப் போவது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.